ஆறாவது பல்

1

இந்தக் கதை ஒரு மதிப்பெண்ணிலிருந்து வந்தது. பத்துக்கு நான்கு. இந்த ஜூனில், ஸ்பெயினின் அல்பசேத்தே நகரத்து மடக்குக் கத்திச் சேகரிப்பாளர் மன்றத்தின் ஆண்டுப் போட்டியில் (இந்த மன்றத்தைத் தேடிப் போகாதீர்கள், இது நான் கற்பனையில் கட்டியது, ஊர் மட்டும் நிஜம்), கூடத்தில் இருந்த அறுபது பேரும் மனதுக்குள் ஒன்பதுக்கு மேல் போட்டுவிட்ட ஒரு கத்திக்கு, நடுவர் எவேலியோ கான்தோஸ் நான்கு போட்டார். நான் அந்த மன்றத்தின் செயலாளர். நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு. எழுதினேன், ஒரு வரி தவிர. அதில் அடங்காமல் போனதுதான் இது.

தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "எவேலியோ கண்களை மூடினார். கூடமே மூச்சை அடக்கிக்கொண்டது." [அடித்துவிட்டேன். கூடம் எதையும் அடக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.]

இரண்டாவது: "எஃகுக்கும் ஒரு குரல் உண்டு, அதை" [முடிக்கவில்லை. இப்படித் தொடங்கும் கட்டுரைகளை இருபத்துமூன்று வருடம் பத்திரிகையில் திருத்தியிருக்கிறேன். அந்த 'அதை'க்குப் பிறகு யாருக்கும் சொல்ல எதுவும் இருந்ததில்லை.]

மூன்றாவது நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

2

ஒரு மடக்குக் கத்தியை எப்படி மதிப்பிடுவது என்று தெரியாமல் மேலே போக முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கொம்புப் பிடிக்கும் முதுகில் ஓடும் எஃகுப் பட்டைக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் கீழே வைத்துவிடலாம். ஆணித் தலைகள் மேல் நகத்தை ஓட்டுங்கள். ஆணி எங்கே இருக்கிறது என்று நகத்துக்குத் தெரியவே கூடாது. திறந்து, அலகை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். மூடினால் அலகு பிடியின் நட்டநடுவில் உட்கார வேண்டும். இவையெல்லாம் கண்ணுக்கான வேலை. எங்கள் போட்டியில் அதற்கு மதிப்பெண் போடுபவர் ஹினேஸ். நாற்பது வருடம் சாணைக்கல்லின் முன்னால் உட்கார்ந்தவர். அவர் வாயை விட அவர் கண் நம்பகமானது.

மிச்சம் இருப்பது காது. இந்த ஊர்க் கத்தியில் அலகின் அடிப்பகுதியில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அலகைத் திறக்கும்போது முதுகுப் பட்டை ஒவ்வொரு பல்லிலும் விழுந்து டக் என்று சொல்லும். நல்ல கத்தியில் ஏழு பல். ஏழு டக்கும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் வர வேண்டும். அதைக் கேட்க ஒரு தனிச் சுற்று உண்டு. நடுவர் கண்ணை மூடிக்கொண்டு கத்தியைத் தன் கையாலேயே திறப்பார், கூடம் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தச் சுற்றின் நடுவர் இருபத்தாறு வருடமாக எவேலியோ. வீட்டில் நானூறு கத்திகள் வைத்திருக்கிறார். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பழைய கத்தியைத் திறந்தால் எந்தப் பட்டறை என்று சொல்லுவார். ஊரில் அவரை அடையாளம் சொல்ல 'காது' என்றால் போதும். மனைவி இறந்துவிட்டார், மகள் வலென்சியாவில். அவருக்கு மிச்சம் இருப்பது அந்த நாற்காலி.

விதி ஒன்று: கத்தி செய்தவர் மறுநாள் நண்பகலுக்குள் எழுத்தில் மறுப்புக் கொடுத்தால், வேறு மூன்று பேர் அதை மறுபடி கேட்பார்கள். அவர்கள் காதில் மதிப்பெண் மாறினால் நடுவர் நாற்காலியை விட வேண்டும். இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அது ஒன்றுதான்.

3

"நாலு," என்று சொல்லிவிட்டு எவேலியோ கத்தியை மேசையில் வைத்தார்.

"பதினாலா?" என்றார் ஹினேஸ். சிலர் சிரித்தார்கள்.

"நாலு. ஆறாவது சத்தம் மந்தமா இருக்கு."

யானோஸ் பிகாசோ எழுந்தார். (இங்கே பாதிப் பெண்களுக்கு ஊர்க் காவல் மாதாவின் பெயரான யானோஸ் என்றே பெயர். பிகாசோவும் சாதாரணக் குடும்பப் பெயர்தான். ஓவியரைத் தேட வேண்டாம்.) வயது நாற்பத்தொன்பது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார். அந்தக் கத்தியில் எட்டு மாதம் உட்கார்ந்தவர். வெல்பவருக்குச் செப்டம்பர் திருவிழாவில் வாசலை ஒட்டிய முதல் கடை கிடைக்கும்.

"தோன் எவேலியோ, நீங்க கேட்டது என் கத்தியத்தானா? இல்ல தெருவுல போன பஸ்ஸையா?"

மரியாதைக்கான அந்தத் 'தோன்' பட்டத்தைக்கூட விடாமல் இப்படிக் கேட்டுவிட்டு யானோஸ் மேசைக்கு வந்து கத்தியை எடுத்தார். எல்லோரும் கேட்கும்படி உயரத் தூக்கித் திறந்தார். ஏழு டக். கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டியதுபோல ஏழும் சுத்தம்.

"இதுல எது மந்தம்? யாராவது சொல்லுங்களேன். யோவ் ஹினேஸ், நீ சொல்லு."

"என்னைய ஏம்மா இழுக்குற? நான் பாக்குறவன். கேக்குறவரு அவரு." கத்தியை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஆனா எனக்கு ஏழும் நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார்.

எவேலியோ யானோஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு," என்றார் மறுபடி.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள மறுப்பு வந்து சேரும்," என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார் யானோஸ்.

4

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் எழுதிய வரைவில் எவேலியோ ஒரு அயோக்கியர். யானோஸின் அப்பா ஒரு காலத்தில் அவருக்கு ஒரு போலிக் கத்தியைப் பழையது என்று விற்றுவிட்டார். அந்த வஞ்சத்தை அவர் முப்பது வருடம் பொத்தி வைத்து—

அந்த வரைவைக் கிழித்தேன். வஞ்சம் எழுதுவதற்கு வசதியானது, எந்தக் கதையிலும் பொருந்தும், அதனாலேயே சந்தேகத்துக்கு உரியது. எவேலியோவுக்கு வஞ்சம் இருந்திருந்தால் இரண்டு போட்டிருப்பார், அல்லது ஆறு. நான்கு என்பது யோசித்துப் போட்ட எண்.

அடுத்த வரைவில் யானோஸ் இளம்பெண், கண்ணீர் மல்க நின்றாள். அதையும் எடுத்துவிட்டேன். அவர் அழவில்லை. கோபப்பட்டார். அந்தக் கோபம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்று அப்போதே குறித்துக்கொண்டிருக்க வேண்டும். செய்தியாளனாக நான் தவறவிட்ட இடம் அது.

[இன்னொன்றும் தவறவிட்டேன். கடந்த மூன்று வருடங்களாக எவேலியோ கத்தியைத் திறக்கும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு பல்லிலும் நிற்பார், கட்டைவிரலால் அலகை லேசாகப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பார், அப்புறம் அடுத்தது. வயதாக ஆகக் கேட்பதில் கவனம் கூடுகிறது என்று மூன்று வருடமும் குறிப்பேட்டில் புகழ்ந்து எழுதியவன் நான்தான்.]

5

மறுநாள் காலை பதினொன்றரை. மன்றத்துக்குக் கீழே உள்ள மதுக்கடை. எவேலியோ வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாட்டிய ரொட்டியின்மேல் தக்காளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே நான், குறிப்பேட்டோடு. ஹினேஸ் மதுமேசையில் சாய்ந்து நின்றார். காபி இயந்திரம் சீறி ஓய்ந்தது.

யானோஸ் உள்ளே வந்தார். ஒரு கையில் மடித்த தாள். எவேலியோவுக்குப் பின்னால், அவர் காதிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றார். கத்தியை எடுத்துத் திறந்தார்.

ஏழு.

ஹினேஸ் திரும்பினார். கடைக்காரர் திரும்பினார். நான் தலையைத் தூக்கினேன். எவேலியோ ரொட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யானோஸின் முகத்தில் வெற்றி" [இல்லை. எழுதும் பழக்கம் அந்த வார்த்தையைக் கொண்டுவருகிறது. அவர் முகத்தில் இருந்தது பயம்.] அவர் சுற்றி வந்து என் பக்கத்தில், எவேலியோவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆறாவது பல்லுன்னு எப்படிச் சொன்னீங்க?"

"கேட்டுச்சு."

"கேட்டிருக்க முடியாது. அது யாருக்குமே கேக்காது. கேக்கக் கூடாதுன்னுதான் மூணு நாள் உக்காந்து அதைச் சரி பண்ணினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஏப்ரலில் ஆறாவது பல்லை வெட்டும்போது அரம் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டது. பற்றவைத்து அடைத்து, மறுபடி வெட்டி, சத்தம் மற்ற ஆறோடு சேரும்வரை இழைத்திருக்கிறார். கொம்புப் பிடி அதற்குள் கச்சிதமாக அமைந்துவிட்டதால் தூக்கிப் போட மனம் வரவில்லை.

"அடிப்பாவி," என்றார் ஹினேஸ், நின்ற இடத்திலிருந்தே. "அப்ப கூடத்துல அந்தக் குதி குதிச்சியே?"

"மாட்டிக்கிட்டா கோவம்தான் வரும். உனக்கு வராதா?"

எவேலியோ கையை நீட்டினார். கத்தியை வாங்கி ஆறாவது பல்வரை திறந்து, கட்டைவிரலால் அலகைப் பின்னுக்குத் தள்ளினார்.

"மத்த ஆறும் சுவரு மாதிரி நிக்குது. இது கால் சரியில்லாத மேசை மாதிரி ஆடுது. அடைச்ச இடம் மெத்துனு இருக்கு. இத வாங்குறவன் யாராவது இடையனா இருப்பான். ஒரு வருஷம் இத வச்சு வேலை பார்ப்பான். ஒரு நாள் மடங்கி அவன் விரல்ல விழும்."

"விரலாலதான் பாத்தீங்க," என்றார் யானோஸ் மெதுவாக. "காதால இல்ல."

ஹினேஸ் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். எவேலியோ ரொட்டியை எடுத்துக் கடித்தார். நாங்கள் இருவரும் அவர் தலைக்கு மேலே பார்ப்பதைக் கண்டதும் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"ஹினேஸ், எதுனாலும் இந்தப் பக்கம் வந்து சொல்லு. முதுகுக்குப் பின்னால பேசினா எனக்குக் கேக்காது. மூணு வருஷமாக் கேக்கல."

ஹினேஸ் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "அப்ப மூணு வருஷமா நான் உன்னைத் திட்டினதெல்லாம் வீணாப் போச்சா?" என்றார்.

"பாதி தெரியும். உன் வாய் பெருசு, படிக்கச் சுலபம்."

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். எவேலியோதான் முதலில் நிறுத்தினார்.

6

ஐந்துக்குக் கீழே மதிப்பெண் போட்டால் குறிப்பேட்டில் ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும். அதன் கீழே நடுவரும் கத்தி செய்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் பேனாவைத் திறந்தேன்.

"நான் மறுப்புக் கொடுக்கல," என்றார் யானோஸ். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார். "கத்தி நாலுதான். எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"நடந்தத எழுதுங்க."

"விரலால கண்டுபிடிச்சதுன்னு எழுதினா," என்றார் எவேலியோ, என்னைப் பார்த்து, "மூணு வருஷமாத் தோத்தவங்க எல்லாரும் வந்து வாசல்ல நிப்பாங்க. நியாயம்தான், நிக்கட்டும். அடுத்த ஜூன்ல அந்த நாற்காலியில நல்ல காது உள்ள ஒருத்தன் உக்காருவான்." கத்தியை மூடினார். "இந்த மாதிரி ஒண்ணு அவன் கைக்கு வந்தா ஒம்பதரை போடுவான்."

"போடுவான்," என்றார் யானோஸ்.

"அதுக்காக 'கேட்டது'ன்னு எழுதச் சொல்லல. பொய்ய நேத்தும் சொன்னேன், சித்த முன்னாலயும் சொன்னேன், இன்னொரு தரம் சொல்ல வெக்கமா இருக்கு."

"அப்ப என்னதான்யா எழுதச் சொல்ற?" என்றார் ஹினேஸ்.

எவேலியோ தோளைக் குலுக்கினார். அப்போது யானோஸ் செய்ததை நான் எந்த வரைவிலும் யோசித்திருக்க மாட்டேன். பேனாவை என் கையிலிருந்து எடுத்து, காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டார். எவேலியோ அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவரும் போட்டார்.

"செயலாளர் நல்லா எழுதுவாரு," என்றார் யானோஸ். மூவரும் வெர்முத் ஒயின் குடிக்க எதிர்க்கடைக்குப் போனார்கள். ஹினேஸ் எவேலியோவின் இடப்பக்கத்தில், முகம் தெரியும்படி ஒரு அடி முன்னால் நடந்தார்.

7

முடிவுகள் சில என்னிடம் இருக்கின்றன.

அ) 'விரலால்' என்று எழுதுகிறேன். எவேலியோ நிமிர்ந்த தலையோடு நாற்காலியை விடுகிறார். [படிக்க இதமாக இருக்கும். அடுத்த ஜூனில் கெட்ட கத்தி ஒன்று வெல்லும் என்பதைக் கதை சொல்லாமல் விட்டுவிடும்.]

ஆ) 'காதால்' என்று எழுதுகிறேன். நல்ல தீர்ப்புகள் தொடர்கின்றன, ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்தபடி. [என் பத்திரிகையின் பழைய ஆசிரியர் இதை வெளியிட மாட்டார். நானும் கொடுக்க மாட்டேன்.]

இ) மன்றம் விதியை மாற்றி, காதுச் சுற்றைக் கைச் சுற்று ஆக்குகிறது. [மன்றத்தைத் தெரியாதவர் எழுதும் முடிவு. போன வருடம் நாற்காலிகளின் துணி நிறத்தை மாற்றவே இரண்டு கூட்டம் நடந்தது.]

ஈ) யானோஸ் அடுத்த வருடம்— [அடுத்த வருடத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.]

குறிப்பேட்டை ஸ்பானிய மொழியில் எழுதுகிறேன். இந்தக் கதையைத் தமிழில் எழுதுவது, முப்பத்தோரு வருடம் வாழ்ந்த இந்த ஊரில் இதை வாசிக்கக்கூடிய ஒருவர்கூட இல்லை என்பதால். தமிழில் சொன்னால் எவேலியோவின் ரகசியம் பத்திரம். அதாவது, அதை அறிந்தும் அவர்மேல் கோபமோ பாசமோ கடனோ இல்லாதவர்கள் இப்போதைக்கு நீங்கள்தான்.

எனக்கு ஒரு விருப்பம் உண்டு. மறைக்கவில்லை, கவனமாகப் படித்தவருக்கு அது எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவன் குறிப்பு எழுதக்கூடாது என்பது என் தொழிலில் நான் கற்ற ஒரே ஒழுக்கம். மன்றத் தலைவர் திங்கட்கிழமை பத்து மணிக்குக் குறிப்பேட்டை வாங்கிக்கொள்வார். ஒரு வரிதான், அதை நீங்கள் சொல்லுங்கள். பேனாவில் மை இருக்கிறது.

காரணம்:

ஒப்பம்: யானோஸ் பிகாசோ
ஒப்பம்: எவேலியோ கான்தோஸ்