சந்தனம் பட்ட கத்திகள்

என் மகள் புஷ்பலதா போட்ட சட்டம் இது: என் முகத்தில் ரத்தத்தைப் பார்த்தால் அன்றைக்கே சவரக் கத்திகள் எல்லாம் அவள் கைக்குப் போய்விடும். சரி என்றேன். ரத்தம் வராது என்று எனக்குத் தெரியும். செமோர் பக்கத்துத் தோட்டத்தில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினவன் நான். பட்டையைத்தான் சீவ வேண்டும், உள்ளே மரத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த இடம் முண்டு முண்டாகப் புடைக்கும், மேல்பார்வைக்கு வரும் மண்டோர் அம்மா பேரை இழுத்துத் திட்டுவான். என்னை எந்த மண்டோரும் திட்டியதில்லை.

அந்தத் தோட்டத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. அதற்காக நான் அழவில்லை. அங்கே கொசுவும் அட்டையும்தான் இருந்தது. ஈப்போவில், புந்தோங்கில், மகள் வீட்டுப் பின் அறையில் இருக்கிறேன். சோறு அவள் போடுகிறாள். துணியை மிஷின் துவைக்கிறது. டிவியில் மருமகன் வைத்த சேனல். நானாகச் செய்வது ஒன்றுதான், காலைச் சவரம். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய மடக்குக் கத்திகள் நாலு. ஜெர்மன்காரன் செய்தது இரண்டு, இங்கிலாந்து ஒன்று, யானைத் தந்தப் பிடி என்று சீனக் கிழவன் சத்தியம் செய்து விற்றது ஒன்று. தந்தமாவது! மாட்டெலும்பு. எல்லாம் என்னைவிடக் கிழடு. நாளுக்கு ஒன்றாக எடுத்துத் தோல் வாரில் இழுத்துத் தீட்டுவேன், பிரஷ்ஷால் நுரை அடிப்பேன். அந்த நேரத்தில் என்னோடு யாரும் பேசக்கூடாது.

இந்த வருடம் வலது கை ஆட ஆரம்பித்தது. கிளினிக்கில் டாக்டர் ஏதோ நோய்ப் பேர் சொல்லி மாத்திரை கொடுத்தான். அவனுக்கு மாத்திரை விற்க வேண்டும். நான் சாப்பிடவில்லை. குவளையைப் பிடித்தால் கை ஆடும். கத்தியைப் பிடித்தால் நின்றுவிடும்.

ஆயுத பூஜை வந்தது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் சாமி மேடையில் மருமகன் விக்னேஸ்வரனின் லாரிச் சாவி, ஸ்பேனர், மகளின் தையல் மிஷின். அவற்றுக்கு நடுவில் என் கத்திகள் மூன்று, வாயைப் பிளந்தபடி. அலகு முழுக்க ஈரச் சந்தனம், மேலே குங்குமம்.

"யாரு என் கத்தியைத் தொட்டது?"

"நான்தான்ப்பா. எல்லார் சாமானும் இருக்கு, உங்களது மட்டும் இல்லாம எப்படி?"

"அதைத் துடை லா! பழைய இரும்பு அது. துரு ஏறிடும்."

"சாமிக்கு வச்சதை விடியாம எடுக்கக் கூடாதுப்பா. தெரியாதா உங்களுக்கு?"

மருமகன் சிரித்தான். "என் லாரிக்கே இன்னைக்கு லீவு. உங்க தாடிக்கும் ஒரு நாள் லீவு விடுங்க மாமா."

சாமி முன்னால் கை நீட்ட எனக்கும் பயம்தான். எலும்புப் பிடிக் கத்தி மட்டும் என் தலையணைக்கு அடியில் இருந்தது. எல்லாவற்றையும் அடுத்தவருக்குத் தெரிகிற இடத்தில் வைப்பவன் மடையன்.

காலையில் காய்ந்த சந்தனத்தைத் துடைத்தேன். அடியில் துரு, புள்ளி புள்ளியாக, முனை வரைக்கும் தின்றிருந்தது. அவள் என்னதான் செய்துவைத்தாள் என்று அந்தக் கத்தியாலேயே காட்ட நினைத்தேன். கல்லில் தேய்த்து, வாரில் இழுத்து, ஜெர்மன் கத்தியை முகத்தில் வைத்தேன். தாடைக்குக் கீழே கிழித்துவிட்டது.

துண்டில் ரத்தத்தைப் பார்த்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல? கை ஆடுதுப்பா."

"கை இல்ல. உன் சந்தனம். வேணும்னே வச்சிருக்கே."

"வேணும்னா? பூ வச்சுக் கும்பிட்டேன்ப்பா!"

"கும்பிட்டே, என் கத்தியைப் பிடுங்குறதுக்கு."

அவள் மூன்று கத்திகளையும் பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துப் போனாள். அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் குளியலறைக் கதவைத் தாழ்போட்டு எலும்புப் பிடிக் கத்தியை எடுத்தேன். சந்தனம் படாதது. முன்னங்கையில் வைத்துப் பார்த்தேன், முடி தானாக உதிர்ந்தது. காயம் இல்லாத முகத்தோடு போய் அவள் முன்னால் நிற்க வேண்டும். எது கிழித்தது என்று அவளே சொல்லட்டும்.

இடது கன்னம் வழுவழுவென்று வந்தது. வலது பக்கம் திரும்பி, காதுக்குக் கீழே கத்தியை வைத்தேன். நான் இழுக்கவில்லை. கை தானாகப் போனது. நுரை சிவந்தது.

கத்தியைக் கழுவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துருவுக்காகத் தேடினேன். ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்று தேடினேன். அலகு கண்ணாடியாக இருந்தது.

"அப்பா, தோசை ஆறுது. உள்ள என்ன பண்றீங்க?"

இதிலும் துரு என்று சொன்னால் நம்பிவிடுவாள். நேற்றிலிருந்து என்னைக் கண்டு அவளுக்குப் பயம். கதவைத் திறந்து கத்தியை நீட்டினேன்.

"இந்தா. இது ஒண்ணு உன் டின்ல போட விட்டுப்போச்சு."

கத்தியைப் பார்த்தாள், என் காதடியைப் பார்த்தாள். "இதுல நான் சந்தனம் வைக்கலையேப்பா" என்றாள்.

"வைக்கலை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தாள். "என்னங்க, உங்க ஷேவிங் மிஷினைக் கொண்டாங்க."

என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். வலது கன்னத்தில் சோப்பு காய்ந்து தோலை இழுத்தது. அவள் அதை ஈரத்துணியால் துடைத்தாள். மிஷின் குளவி மாதிரி இரைந்தது. டீசல் நாற்றம் போகாத விரலால் மருமகன் என் தாடையைப் பிடித்துத் தூக்கினான்.

"ஆடாதீங்க மாமா" என்றான்.