விளம்பரத்தில் வெட்டுப்பட்ட புருஷன்

1

இந்தக் கதை என் கைப்பேசிக்கு வந்த ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பழைய சோபாவுக்குத் துணி மாற்றித் தரும் ஒரு சின்னக் கடையின் விளம்பரம் அது. என்னிடம் சோபா கிடையாது, இருந்தால் போட இடமும் கிடையாது. ஆனாலும் படத்தை விட்டு விரல் நகரவில்லை. நடுவயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள். கீழே, ‘தனி ஒருத்தியாகப் போராடும் இந்தச் சகோதரிக்குக் கை கொடுங்கள்.’

அவள் இடது தோளில் நான்கு விரல்கள் இருந்தன.

விரல்களுக்குச் சொந்தக்காரரைக் காணோம். பக்கத்தில் நின்றவரை யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய அவசரத்தில் விரல்களை மறந்துவிட்டார்கள். தனி ஒருத்தியின் தோளில் யார் கை? எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது. கட்டிய கதை பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘கடையின் ஷட்டரை ஏற்றும்போதெல்லாம் அவள் நெஞ்சும் சேர்ந்து கிறீச்சிட்டது. அவள் கண்களில்—’

வேண்டாம். கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் இப்படி: ‘குஷன் அக்காவும் அவள் புருஷனும் காலையிலிருந்து ஒரு சோபாவின் குடலை உருவிக்கொண்டிருந்தார்கள்.’

இரண்டையும் என் அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் எலக்ட்ரீஷியனிடம் படித்துக் காட்டினேன். வேறு யாரும் கைக்குக் கிடைக்கவில்லை.

“முதல்லதுதாங்க,” என்றார். “கேட்டதும் மனசு என்னமோ பண்ணுது.”

“அந்தப் பொம்பளை அழவே இல்லையே?”

“அழ வைங்க. உங்களுக்கென்ன, ஒரு வரிதானே?”

இரண்டாவதையே வைத்துக்கொள்கிறேன். கதை எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் அதைக் கெடுத்துக்கொள்ளும் உரிமையும் முழுசாக என்னுடையதுதான்.

3

குஷன் அக்காவும் அவள் புருஷனும் காலையிலிருந்து ஒரு சோபாவின் குடலை உருவிக்கொண்டிருந்தார்கள். (அவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைக்கப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. தெருவில் அவர் ‘அக்கா வீட்டுக்காரர்’. அப்படியே இருக்கட்டும்.) மேல்துணியைக் கிழித்து, நைந்த பஞ்சைப் பிடுங்கி, துருப்பிடித்த ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்ப்பது முதல் வேலை. புதுத்துணி போடும்போது அவர் இழுத்துப் பிடிப்பார், அவள் ஆணி அடிப்பாள். தனியாளாகவும் அடிக்கலாம். மூலையில் சுருக்கம் விழும்.

தெருமுனையில் பெரிய கடை ஒன்று வந்து, மலிவாகப் புது சோபா விற்க ஆரம்பித்ததிலிருந்து வேலை வற்றிவிட்டது. ஜனங்கள் பழையதைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்த வருஷத்துக்குள் கடை நிமிராவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பெரிய கடையில் அக்காவை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவளை மட்டும்.

அப்போதுதான் அவளுடைய தம்பி வந்தான். இணையத்தில் விளம்பரம் ஓட்டிக் கொடுப்பது அவன் பிழைப்பு.

“அக்கா, நாம நினைக்கறது முக்கியமில்ல, ஜனங்க எதைத் தொடறாங்கங்கறதுதான் முக்கியம். ரெண்டு விளம்பரம் போடுவோம். பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. ஜெயிச்சதை வெச்சுக்கிட்டு அதுல இன்னொண்ணை மாத்துவோம். ஒரு சமயத்துல ஒண்ணுதான் மாத்தணும், அதான் கணக்கு.”

“அடேயப்பா,” என்றார் அக்கா வீட்டுக்காரர். “சாம்பாருக்கு உப்புப் பாக்கற மாதிரி.”

(சாம்பார் இந்தக் கதையில் வேண்டாம் என்று அடிக்கப் போனேன். அவர் சொல்லிவிட்டார், இருக்கட்டும்.)

முதல் போட்டி புது சோபா படத்துக்கும் கிழிந்த சோபா படத்துக்கும். கிழிந்தது ஜெயித்தது. அடுத்தது கிழிந்த சோபாவுக்கும் அதன் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி நிற்கும் படத்துக்கும். மனிதர்கள் ஜெயித்தார்கள். பிறகு இருவரும் நிற்பதா, அக்கா மட்டும் நிற்பதா என்று பார்த்தான். அக்கா மட்டும் ஜெயித்தாள். கடைசியாக, படத்தைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றினான். ‘தரமான வேலை’ ஒரு பக்கம், ‘தனி ஒருத்தியாகப் போராடும்’ மறுபக்கம்.

போன் ஓயவே இல்லை. கடை வாசல் வரை நாற்காலிகள் வந்து நின்றன.

ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றமும் நியாயமானது. நியாயமாகவே நடந்து போய்ப் பார்த்தால் ஒரு புருஷனைக் காணோம்.

4

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அவனைக் கெட்டவனாக்கிவிடலாமா என்று யோசித்தேன். எழுதியும் பார்த்தேன்: ‘அவன் உதட்டோரம் ஒரு—’ அடித்துவிட்டேன். அவன் அக்காவிடம் ஒரு காசும் வாங்கவில்லை. அந்தக் கடை மூடக்கூடாது என்று அவர்களுக்கு நிகராக ஆசைப்பட்டவன் அவன் ஒருவன்தான். கெட்டவன் யாருமே இல்லாமல் ஒரு ஆளை இல்லாமல் ஆக்க முடிகிறது என்பதுதான் என் கோபம். அந்தக் கோபம் இல்லாவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

5

ஒரு நாள் அம்மாள் ஒருவர் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றோடு வந்தார். இருக்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

“இதுல என்னம்மா பண்ணணும்?” என்றாள் அக்கா.

“ஏதாவது பண்ணும்மா. உன் படத்தைப் பாத்ததுலேர்ந்து மனசே கேக்கல. ஒத்தை ஆளா எப்படித்தான் சமாளிக்கிறியோ!” என்றவர், உள்ளேயிருந்து வந்த அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து, “தம்பி, இதை அந்தப் பக்கம் தூக்கி வைப்பா,” என்றார்.

அவர் தூக்கி வைத்தார்.

“வேலைக்கு நல்ல ஆளாத்தான் வெச்சிருக்கே. சம்பளமெல்லாம் ஒழுங்கா குடுக்கறாங்களா தம்பி?”

“குடுக்கறாங்கம்மா,” என்றார் அவர். “சாப்பாடும் போடறாங்க.”

அம்மாள் திருப்தியாகப் போய்விட்டார். அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள்.

“ஏன், நான்தான் புருஷன்னு சொன்னா வாய் வலிக்குமா?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன்.”

அவள் அந்த நாற்காலியைத் திருப்பி வைத்தாள்.

“நல்லா ஓடற கடையை நான் எதுக்குக் கெடுக்கணும்?” அவர் துணிச் சுருளை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தார். “இப்பல்லாம் யாராவது வந்தா நானே பின்னாடி போயிடறேன். இன்னிக்குத்தான் கவனிக்கல.”

(இந்த இடத்தில் எலக்ட்ரீஷியன், “இப்பவாவது அழ வைங்களேன்,” என்றார். மாட்டேன். அவள் போனை எடுத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.)

6

“அந்த விளம்பரத்தை நிறுத்துடா.”

“என்னக்கா ஆச்சு? ஓடற குதிரையை யாராவது நிறுத்துவாங்களா?”

“உங்க மாமாவை வெட்டிட்டு ஓடற குதிரை எனக்கு வேண்டாம்.”

“படத்துலதானேக்கா வெட்டினேன்!”

“கடையிலயும் வெட்டியாச்சு. ஆள் வந்தா மனுஷன் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறார். சொந்தக் கடையில, திருடன் மாதிரி.”

தம்பி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தான். பிறகு, “சரி, வேற என்ன போடணும்?” என்றான்.

“எழுதிக்கோ. ‘இது புருஷன் பெண்டாட்டி கடை. நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம். உங்க சோபாதான் நல்லா இல்ல.’”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னான்: “திமிரா இருக்கேக்கா.”

“இருக்கட்டும்.”

“சரி, பாதிப் பேருக்கு இதைக் காட்டுவோம். மீதிப் பாதிக்குப் பழசு ஓடட்டும். எது ஜெயிக்குதுன்னு—”

“பாதிப் பேருக்கு எனக்குப் புருஷன் உண்டு, பாதிப் பேருக்கு இல்லையா? யாருடா அந்தப் பாதி? நாளைக்கு ரெண்டு பாதியும் ஒண்ணா கடைக்குள்ள வந்தா?”

“சோதனை பண்ணாம போட்டா பணம் வீணாயிடும்க்கா. தோத்துட்டா கடை போயிடும். அந்தப் பெரிய கடையில போய் நிக்கணும், நீ மட்டும்.”

“தெரியும்,” என்றாள். “தோத்தா ரெண்டு பேராத் தோத்துக்கறோம். போடு.”

பின்னாலிருந்து அக்கா வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: “மச்சான், படத்துல என் முழுக் கையும் வரட்டும்பா!”

7

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் திமிர் விளம்பரம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, தெருவை அடைத்து சோபாக்கள் நிற்கின்றன. இன்னொன்றில் அதை நாய்கூடச் சீண்டவில்லை, அக்கா சாவியை நீட்டுகிறாள். எலக்ட்ரீஷியனுக்கு எது பிடித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலாவதைக் கொடுத்தால், ஜெயித்ததனால்தான் அவள் செய்தது சரி என்று ஆகிவிடும். ஜெயிக்காவிட்டாலும் அது சரிதான். இரண்டாவதைக் கொடுத்தால் நீங்கள் ‘ஐயோ பாவம்’ என்பீர்கள். அந்தப் பாவத்தை நிறுத்தத்தான் அவள் கடையையே பணயம் வைத்திருக்கிறாள். அதை நான் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதாக இல்லை.

ஆகவே கதையை இந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். புது விளம்பரம் இன்று காலை வெளியே போய்விட்டது. கடை வாசலில் மூவர் உட்காரும் சோபா ஒன்று குறுக்காகச் சிக்கியிருக்கிறது. ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவர்.

“தூக்குங்கன்னா தூக்க மாட்டேங்கறீங்க.”

“தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ முதல்ல சாய்.”

“சாய்ச்சா சுவர்ல இடிக்கும்.”

“சுவர் என்ன உன் தம்பி வீட்டுதா? இடிக்கட்டும்!”

தெருவில் ஒருவர் கைப்பேசியோடு நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது நீங்கள்தான். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தீர்களா, சும்மா அந்தப் பக்கம் வந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. உதவி செய்யலாம் என்று ஒரு அடி முன்னால் வைக்கிறீர்கள். அக்கா தலையை நிமிர்த்துகிறாள்.

“என்ன வேணும்? வீட்டுல கிழிஞ்சது ஏதாவது இருக்கா? இருந்தா கொண்டாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பிரமாதமா பண்ணித் தர்றோம். இல்லேன்னா கொஞ்சம் வழி விடுங்க.”

பதில் சொல்லுங்கள். அவர்கள் கையில் கனம் இருக்கிறது.