நான்கு நிமிடங்களுக்கு முன்பு

“அப்போ, போன் வெச்சிருக்கற ஆளு செத்தே போயிட்டாலும் போன் அது பாட்டுக்கு டோக்கனைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்குமா?”

“சார்ஜ்ல சொருகியிருந்தா போதும். ஆளு எதுக்கு?” என்றான் கண்ணாடிக்காரன், சாப்பாட்டு டப்பாவின் மூடியை நக்கிவிட்டு. “மேசை டிராயர்ல கெடந்தாலும் சரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு, ‘நான் இருக்கேன், புது டோக்கன் குடு’ன்னு கேக்கும். சர்வரும் குடுத்துரும். அப்புறம் ரெண்டும் தூங்கிடும்.”

“பேய் மாதிரி.”

“பேய்க்காவது ராத்திரி ஷிஃப்ட் மட்டும்தான். இதுக்கு இருபத்திநாலு மணி நேரமும் டூட்டி.”

கேள்வி கேட்ட பெண் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. திரைகளுக்குப் படம் வரைபவள். அவள் வாயில் கை வைத்துச் சிரித்தாள். கண்ணாடிக்காரன் குழாயடியில் நின்றவள் பக்கம் திரும்பினான். “என்ன டோக்கன் அக்கா, நான் சொல்றது சரிதானே? நீங்கதான அந்தக் கடையோட முதலாளி.”

“சரிதான்” என்றாள் அவள். கழுவிய கரண்டியையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

டோக்கன் அக்கா என்ற பெயரை வைத்தவனும் கண்ணாடிக்காரன்தான். அவர்களுடைய நிறுவனம் குடும்ப ஆல்பம் செயலி ஒன்றை நடத்துகிறது. வீட்டில் ஒருவர் போட்ட படம், அந்தக் கணக்கில் இருக்கும் எல்லோருடைய போனிலும் தெரியும். செயலிக்குள் நுழையும் ஒவ்வொரு போனுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பது அவளுடைய பகுதி. முதல் தடவை யாரென்று விசாரித்து உள்ளே விடுவார்கள். அப்போதே கையில் ஒரு டோக்கனையும் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை, டோக்கனைக் காட்டினால் கதவு திறக்கும். நாற்பது எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி, அவ்வளவுதான். யாருக்கும் புரியாது, புரியவும் வேண்டியதில்லை.

இதை அவள் அம்மாவுக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறாள். அம்மா புரிந்துகொண்டதை எதிர்வீட்டாரிடம் சொன்னாள்: “எம் பொண்ணு டோக்கன் குடுக்கற வேலைல இருக்கா.” எதிர்வீட்டம்மா மறுநாளே போனில் பிடித்துவிட்டாள். “எந்த ஆஸ்பத்திரிலம்மா? எனக்கு முட்டிக்குக் காட்டணும். முன்னாடி நம்பரா பாத்துப் போட்டுத் தாயேன்.”

இந்தக் கதையைக் கேட்டு அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. கண்ணாடிக்காரன் செய்வதும் டோக்கன் வேலைதான், ஆனால் அது வேறு டோக்கன். படத்தைப் பார்த்து இயந்திரமே கீழே ஒரு வரி எழுத வேண்டும். அதற்காக அவன் சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கி அதற்கு ஊட்டுகிறான். அந்தத் துண்டுகளுக்கும் டோக்கன் என்றுதான் பெயர். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற சொல்லுக்கு ஒன்பது துண்டு போகிறதாம். “வர்றதுக்குள்ள ஒம்பதா ஒடைஞ்சுடறாங்க பாவம்” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். கட்டடக் கதவுக்குக் காட்டும் பிளாஸ்டிக் குச்சியும் டோக்கன். கீழே காப்பிக் கடையில் காத்திருக்கத் தரும் தாளும் டோக்கன். காலையிலிருந்து மாலை வரை அவள் வாயில் அந்த ஒரு சொல்தான் புழங்குகிறது. அவள் வாயைத் திறப்பதும் பெரும்பாலும் அதற்காகத்தான்.

அவள் தன் இருக்கைக்கு வந்தாள். அந்த வரிசையில் எட்டு நாற்காலிகள். பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியபின் அவளுடைய நாற்காலியில் மட்டும்தான் ஆள். மற்ற ஏழும் மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தன.

திரையில் இன்றைய வேலை திறந்திருந்தது. ஏழு வருடங்களுக்கு முன் வந்த பதிப்பில் ஒரு பிழை நடந்துவிட்டது. அந்தப் பதிப்பு கொடுத்த டோக்கன்களுக்குக் காலாவதித் தேதி எழுத மறந்துவிட்டார்கள், அதனால் அவை முடிவில்லாமல் தம்மைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. போன மாதம் ஒருவர் பழைய போன் கடையில் ஒரு போன் வாங்கித் திறந்தால், முன்பின் தெரியாத ஒரு வீட்டின் குழந்தைப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. அவர் நல்லவர், தகவல் சொன்னார். சொல்லாதவர்கள் எத்தனை பேரோ. மேலாளர் கையைப் பிசைந்தார். “செவ்வாய்க்கிழமை மூணு மணி. பழைய டோக்கன் ஒண்ணுவிடாம ரத்து. நீயே பண்ணிடும்மா, வேற யாரு தொட்டாலும் எனக்குத் தூக்கம் வராது.”

பட்டியலில் பதினோராயிரத்துச் சொச்சம் போன்கள். அதில் ஒன்று அவளுடைய அண்ணனுடையது.

ஏழு வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோது அண்ணன் வேலை விஷயமாக வெகுதூரத்தில் இருந்தான். எல்லாம் முடிந்த மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தான். தோளில் பையோடு, தூங்காத கண்ணோடு வாசலில் நின்றான். வீடு நிறைய உறவு. அவள்தான் முதலில் எழுந்து போனாள். “இப்ப எதுக்கு வந்தே? வராமலே இருந்திருக்கலாமே” என்றாள். அத்தனை பேர் முன்னால், அவன் பையை இறக்குவதற்குள். அம்மா இருந்த அறைக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தான். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவனுடைய எண் வேலை செய்யவில்லை.

சண்டையில் ஆயிரம் வார்த்தை வரும், போகும் என்று சித்தி சமாதானம் சொன்னாள். சித்தியின் வீட்டில்தான் அம்மா இப்போது இருக்கிறாள். மகன் பேச்சை அம்மா எடுப்பதே இல்லை. எடுத்தால் மகளைக் குத்திக்காட்டுவது போலாகிவிடும் என்று தவிர்க்கிறாள். அதுதான் இன்னும் குத்தியது.

ஆனால் குடும்ப ஆல்பத்தில் மூன்று போன்கள் இருந்தன. கணக்கைத் திறந்தால் யாருக்கும் தெரியும் பட்டியல்தான் அது. அவளுடையது, அம்மாவுடையது, மூன்றாவதாக அண்ணனுடைய போன். பக்கத்தில் சின்ன எழுத்தில்: கடைசியாகச் செயல்பட்டது நான்கு நிமிடங்களுக்கு முன்பு. சில சமயம் ஏழு நிமிடம், சில சமயம் ஒன்று. பத்தைத் தாண்டியதே இல்லை. பல் துலக்கியதும் பார்ப்பாள், பேருந்தில் பார்ப்பாள். நான்கு நிமிடங்களுக்கு முன்பு அவன் எங்கோ இருந்தான் என்பது அன்றைய நாளுக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்காகவே படங்களும் போட்டாள். அம்மாவின் புதுக் கண்ணாடி. தன் ஒற்றை அறையின் ஜன்னல். கைப்பிடி உடைந்த குடை. எதற்கும் கீழே ஒரு வரிகூட எழுதியதில்லை. ‘பார்த்தவர்கள்’ என்று ஓர் அடையாளம் வைக்கலாமா என்று ஒருமுறை அலுவலகக் கூட்டத்தில் கேட்டார்கள். ஒருபோதும் குரலை உயர்த்தாதவள் அன்று இருபது நிமிடம் வாதாடி அதை நிறுத்தினாள். மேலாளர் அசந்துபோனார். அண்ணன் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் துணிவில்லை என்பது அங்கே யாருக்குத் தெரியும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் அனுப்பும் அந்தச் சின்னத் தகவலை அவர்கள் தொழிலில் ‘ஹார்ட்பீட்’ என்பார்கள். இதயத்துடிப்பு. எவனோ அவசரத்தில் வைத்த பெயர். ஆள் எதுக்கு என்று கண்ணாடிக்காரன் சொன்னது அவளுக்குத் தெரியாத செய்தியா என்ன? அந்த நிரலில் பாதியை எழுதியவளே அவள்தான். ஆனாலும் ஏழு வருடமாக அந்தப் பெயரைத்தான் நம்பினாளே தவிர, அந்த வேலையை அல்ல. போன் ஏதாவது டிராயரில் கிடக்கலாம். யாரோ ஒருவர் கடையில் வாங்கிப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்திருக்கலாம். அவள் இத்தனை நாளும் ஒரு சார்ஜர் வயரோடு குடித்தனம் நடத்தியிருக்கலாம்.

மேலாளர் விதிவிலக்குப் பட்டியல் ஒன்றும் வைத்திருந்தார். முதியோர் இல்லத்துச் சுவர்த் திரைகள், பள்ளி வரவேற்பறைத் திரைகள் என்று நாற்பது சாதனங்கள். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதில் நாற்பத்தோராவது வரியாக அண்ணனுடைய போனைச் சேர்த்திருந்தாள். யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

இரண்டே முக்கால் மணிக்குக் கண்ணாடிக்காரன் தேநீரோடு வந்து மேசை ஓரத்தில் சாய்ந்தான்.

“என்னக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? பதினோராயிரம் பேரை வெளிய தள்ளப் போறோமேன்னு பாவமா இருக்கா?”

“தள்ளினா என்ன ஆகும்?” என்றாள் அவள்.

“நீங்க என்னைக் கேக்கறீங்களா? நல்ல கூத்து.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னான். “ஆளு இருக்கற போனா இருந்தா, திறந்து பாத்துட்டு, ‘என்னடா இது உள்ள விட மாட்டேங்குது’ன்னு திட்டிக்கிட்டே திரும்ப உள்ள வருவாங்க. ஆளு இல்லாத போனு அப்படியே கெடக்கும். எது எதுன்னு ராத்திரிக்குள்ள தெரிஞ்சுடும். அவ்வளவுதான?”

“அவ்வளவுதான்.”

“டீ ஆறுது, குடிங்க.”

அவன் போனபின் அவள் நாற்பத்தோராவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இருக்கும்வரை தினமும் நான்கு நிமிடம் கிடைக்கும். சாகும்வரை கிடைக்கும். எடுத்துவிட்டால், ஒரு கை எழுந்து கதவைத் தட்டுகிறதா என்று காத்திருக்க வேண்டும். தட்டாவிட்டால், பிறகு பார்ப்பதற்கு எதுவும் இருக்காது.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அந்த வரியை அழித்தாள். மூன்று மணிக்கு நிரலை ஓடவிட்டாள். பதினோராயிரம் போன்களுக்கும் பதினெட்டு வினாடிதான் ஆயிற்று. ‘முடிந்தது’ என்று திரை சொன்னது. மேலாளர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

குடும்பக் கணக்கைத் திறந்தாள். இப்போது அதில் இரண்டு போன்கள்தான். புதிய பதிப்பில் இருந்ததால் அவளுடையதும் அம்மாவுடையதும் தப்பின. மூன்றாவது வரி இருந்த இடத்தில் சும்மா வெள்ளை.

நாலு மணி ஆயிற்று. வேறு வீடுகளின் போன்கள் நூற்றுக்கணக்கில் திரும்பி வந்தன. திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது: ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து எண்ணூறு. எங்கெங்கோ இருந்தவர்கள் திட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அவர்கள்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள்மேல் இன்னும் அதிகமாக. ஐந்தரைக்குப் புதுப்பெண் பையை மாட்டிக்கொண்டு, “கெளம்பலியாக்கா?” என்றாள். “நீ போம்மா, கொஞ்சம் வேலை இருக்கு.” விளக்குகள் தாமாக அணையும் வகை, அசையாமல் உட்கார்ந்திருந்ததால், ஆளில்லை என்று நினைத்து அவள் தலைக்கு மேலிருந்த விளக்கும் அணைந்துவிட்டது. கையை ஆட்டி ‘இருக்கிறேன்’ என்று தெரிவித்து எரியவைத்தாள்.

ஐந்து நாற்பதுக்கு அவள் போன் அதிர்ந்தது. குறுஞ்செய்தி. ஆல்பம் செயலிக்கான ஆறு இலக்க எண், பத்து நிமிடம் செல்லும்.

கடவுச்சொல்லை ஒழித்து மூன்று வருடம் ஆகிறது. ஒருவர் உள்ளே வர விரும்பினால், கணக்கில் பதிந்த எண்ணுக்கு இப்படி ஒரு செய்தி போகும். அவள் வீட்டுக் கணக்கில் பதிந்திருப்பது அவளுடைய எண். இந்த எண்ணை அவள் இத்தனை வருடத்தில் மாற்றவே இல்லை.

அம்மாவாக இருக்குமோ என்று உடனே கூப்பிட்டாள்.

“நான் எங்கடி போனைத் தொட்டேன்? துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றாள் அம்மா. “ஏன், என்ன ஆச்சு? குரல் ஏன் இப்படி இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. அப்புறம் பேசறேன்.”

எங்கோ ஒரு கை பொத்தானை அழுத்தியிருக்கிறது. யாருடைய கை என்று அந்த ஆறு எண்கள் சொல்லவில்லை. பழைய போன் வாங்கிய யாரோ தெரியாமல் தட்டியிருக்கலாம். பத்து நிமிடம் போனது, எண் செத்தது. அவள் மூச்சு விட்டாள். உடனே இரண்டாவது வந்தது. அதுவும் பத்து நிமிடம் கிடந்து செத்தது. தெரியாமல் தட்டுகிறவர்கள் இரண்டாவது முறை காத்திருந்து தட்டமாட்டார்கள்.

ஆறு ஐந்துக்கு மூன்றாவது வந்தது. மேசைமேல் போனை வைத்து அந்த எண்களையே பார்த்தாள். சொல்லிவிட்டால் இன்னொரு டோக்கன் கிடைக்கும், இன்னொரு ஏழு வருடத்துக்குப் பேச்சே தேவைப்படாது. ஆனால் சொல்ல வேண்டுமானால் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமே.

போன் அடித்தது. தெரியாத எண்.

எடுத்தாள். அந்தப் பக்கம் ஏதோ வண்டி போகும் சத்தம், ஒரு கதவு சாத்தும் சத்தம். தொண்டையைச் செருமினார்கள். குரல் தடித்திருந்தது, ஆனால் மாறவில்லை.

“ஆல்பம் திறக்க மாட்டேங்குது” என்றது. “நேத்துக்கூடப் பார்த்தேன்.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தலைக்கு மேல் விளக்கு அணைந்தது. இந்த முறை அவள் கையை ஆட்டவில்லை.

“உன் நம்பருக்குத்தான் அனுப்பியிருக்கறதா போட்டிருக்கு” என்றான் அண்ணன். “அந்த ஆறு நம்பரைச் சொல்றியா?”