நல்ல குடும்பத்துக்கு நான்கு மதிப்பெண்

பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றாவது கடிதம் வந்த பிறகுதான் அந்த லிஃப்ட் மெக்கானிக் ஒருநாள் விடுப்பு எடுத்தார். பதினைந்து வயது மகள் அந்த ஆண்டில் பாதி நாள் வகுப்புக்கே போகவில்லை. இளையோர் உதவி அலுவலகத்தில் பதிந்துகொண்டால் வாராவாரம் ஓர் ஆலோசகர் வீட்டுக்கே வருவார், படிப்பிலும் கைகொடுப்பார்கள் என்று கடிதம் சொன்னது. ஆனால் முதலில் நேர்காணல். தகுதி இருந்தால்தான் சேவை. மனைவி நர்ஸ், அன்று அவளுக்குக் காலை ஷிஃப்ட். கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவரோ தானே வேலைக்குத் தேர்வாகப் போவதுபோல் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மகளையும் தலைவாரச் செய்து கிளம்பினார்.

அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. நேர்காணல் அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசையெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தார். மகள்தான் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

கேள்விகள் தொடங்கின. சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனதுண்டா? தோழி வீட்டுக்குத்தான், அதுவும் சொல்லிவிட்டு என்றார் மெக்கானிக். வீட்டில் சண்டை? நாலு பாத்திரம் இருந்தால் சத்தம் வராமலா இருக்கும் என்று சிரித்தார். பள்ளிக்குப் போகாதது வயிற்றுவலியால். கூட்டாளிகளா? குனிந்த தலை நிமிராத பிள்ளை. மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அதிகாரி கூட்டிப் பார்த்தார்.

"பத்து வரணும் சார். நாலுதான் வந்திருக்கு. உங்க குடும்பத்துக்கு இந்த உதவி தேவையில்லைன்னு ஆகுது. வேற ஏதாவது சொல்லணுமா?"

ஒன்றுமில்லை என்று எழுந்தார். நல்ல குடும்பம் என்று எழுதிக் கொடுத்ததுபோல் ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் மகள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக அவரிடம் வாய்திறக்காதவள் அப்போது பேசினாள்.

"பொய் சொல்லிப் பாஸானவங்களைப் பார்த்திருக்கேன். பொய் சொல்லி ஃபெயிலானது நீங்க மட்டும்தாம்ப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடங்கியது.

"அந்த ஆலோசகர் வந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன். அம்மாகிட்ட சொல்லியிருந்தேன்."

தான்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்திருப்பதாக அவர் நினைத்திருந்தார். "நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு..." என்று இழுத்தார்.

"உள்ள ஒருத்தங்கதாம்ப்பா இருக்காங்க."

லிஃப்ட் தானாகவே நின்றுவிட்டது என்று சாதிக்கிறவர்களிடம் அவர் தினமும் எரிந்துவிழுவார். என்ன செய்தீர்கள் என்று சொன்னால்தானே பழுது பிடிபடும்? அது நினைவுக்கு வந்தபோது முகம் சுட்டது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார்.

ஒருமுறை மறுத்துவிட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். ஆனால் அதிகாரி இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஒன்றும் கேட்காமல் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

இம்முறை மெக்கானிக் மெதுவாகச் சொன்னார். மூன்று முறை சொல்லாமல் வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். கடைசியாக இரண்டு நாள், பேருந்து நிலையத்தில் கிடந்திருக்கிறாள். அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் கடையில் திருடிப் பிடிபட்டபோது இவளும் பக்கத்தில் நின்றிருக்கிறாள். வீட்டில் யாராவது கை நீட்டியதுண்டா என்ற கேள்வி வந்ததும் அவர் திருப்பிக் கேட்டார்.

"ஆமான்னு சொன்னா பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?"

"அது கடைசி வழி சார். ஆனா நடந்ததை நான் தெரிஞ்சுக்கிட்டே ஆகணும். அவகிட்டயும் தனியா பேசணும்."

"ஒரு தடவை அடிச்சேன். பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கு, கன்னத்துல. அதுலேர்ந்து என்கிட்ட பேசலை. இன்னிக்குத்தான் பேசினா."

ஏன் போகிறாள் என்று தெரியுமா? முதல் சுற்றில் எல்லாக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

"தெரியலைங்க. நான் கேட்டதே இல்லை. கத்தத்தான் செஞ்சேன்."

பிறகு மகள் உள்ளே போனாள். அவர் பெஞ்சில் இருபது நிமிடம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டபோது பதினான்கு வந்திருந்தது. சனிக்கிழமைதோறும் பெற்றோருக்கும் ஒரு வகுப்பு உண்டு, வந்தே ஆகவேண்டும் என்றார் அதிகாரி.

"எனக்குமா?" என்றார்.

"உங்களுக்குத்தான் முதல்ல" என்றாள் மகள்.

பத்து நாளில் ஆலோசகர் வந்தார், சைக்கிளில் வரும் ஓர் இளம்பெண். முதல் இரண்டு வாரம் அவர் மூடிய கதவோடுதான் பேசினார். மூன்றாம் வாரம் கதவு திறந்தது. மகள் வாரத்துக்கு மூன்று நாள், பிறகு நான்கு நாள் என்று பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். சனிக்கிழமை வகுப்பில் மெக்கானிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் மாதத்தில் மகள் மறுபடியும் சொல்லாமல் போனாள். ஆனால் சாயங்காலம் அவளே அழைத்து, நூலகத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் இருப்பதாகச் சொன்னாள். அவர் செய்துகொண்டிருந்த வேலையைச் சக ஊழியரிடம் விட்டுவிட்டு ஓடினார். வழியெல்லாம் கோபம் வந்தது. பூங்காவுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கத்தவில்லை.

அவளே சொன்னாள். வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொல்கிறார்கள். எழுத்துகள் அவளுக்கு இடம் மாறித் தெரிகின்றன. எல்லோரும் சிரிக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"நாளைக்கு ஆலோசகர்கிட்ட இதைச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"நீங்களும் கூட இருந்தா சொல்றேன்."

சரி என்றார். அவளுக்குப் பசித்தது. இருவரும் எழுந்து தெருமுனைக் கடையை நோக்கி நடந்தார்கள்.