தண்ணீர் விரதமும் ஒரு வெள்ளை மாத்திரையும்

1

இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பரவை மார்க்கெட்டில் என் வெங்காயக் கடைக்கு அடுத்தது ஜெயபாண்டியின் கடை. சாமியிடமே பேரம் பேசிய வியாபாரி என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

முதல் வரி: "ஜெயபாண்டி வாயைத் திறந்தால் விலை இறங்கும், மூடினால்…" (வேண்டாம். அவர் விரதமிருந்து வாயை மூடியதில் சிரிக்க எதுவும் இல்லை.)

இன்னொரு முதல் வரி: "முத்துச்செல்வியின் மார்பில் ஒரு கட்டி இருந்தது." இதுதான் சரி. முத்துச்செல்வி ஜெயபாண்டியின் மனைவி. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ரிசல்ட்.

2

செவ்வாய்க்கிழமை காலை ஜெயபாண்டி அம்மன் கோயிலில் விரதக் காப்புக் கட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இருபத்தொரு நாள் ஒருபொழுது இருந்திருவேன் தாயே, ஆனா வெள்ளிக்கிழமையே ரிசல்ட்டு வந்துருதே. மூணே நாள், பச்சத்தண்ணி மட்டும். வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளக்கப் பொருத்தி முடிக்கிறேன். நடுவுல தவறுனா மறுபடி முதல்ல இருந்து. பேச்சு பேச்சுதான்."

"ஆத்தாகிட்டயே தவணை பேசுறியே மாப்ள" என்றேன்.

"ஒனக்கென்ன, ஒம் பொண்டாட்டி கல்லுக்குண்டு மாதிரி இருக்கா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெயபாண்டி சுகர்காரர். தினம் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. விரதத்திலும் விடவில்லை. "மாத்திரை சாப்பாட்டுல சேராதுல்ல?" என்று கேட்டு, தண்ணீரோடு விழுங்கினார்.

(சேராது என்று தலையாட்டியவன் நான். தின்ற சோற்றுக்காகப் போடுகிற மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால், அது உடம்பில் மிச்சமிருக்கிற சர்க்கரையைத் துரத்தும். கடைக்கு ஒரு சுகர்காரர் இருக்கிற எங்கள் மார்க்கெட்டில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.)

3

முதல் நாள் தலைவலி, வள்வள்ளென்று விழுந்தார். இரண்டாம் நாள் பசியே போய்விட்டது.

"மூணு வீடு தள்ளித் தாளிக்கிறது மூக்குல வருது மாப்ள, ஆனா வேணும்னு தோணல. ஒடம்புக்குள்ள யாரோ கூட்டிப் பெருக்கித் தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு."

முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பொறாமைப்பட்டேன். அது பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனால், ஜன்னல் வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு கூட்டம். நடுவில் ஜெயபாண்டி, கை நடுங்க, நாக்குக் குழற, "குடுத்துரு… எல்லாத்தையும் குடுத்துரு…" என்று ஆடிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் வாயில இந்த வார்த்தை வந்து பாத்திருக்கீகளா? ஆத்தா எறங்கிட்டா!" என்று அவர் தங்கை மாயக்காள் குலவை போட்டாள். ஒருத்தர் மகனுக்கு வேலை கேட்டார். ஒருத்தி வேப்பிலை ஒடிக்க ஓடினாள். நான்…

(மூன்று தடவை எழுதி எழுதி அடித்த வாக்கியம். எழுதிவிடுகிறேன்: நானும் கைகூப்பி, என் கடைக்கு மறுபக்கம் காலியாகக் கிடக்கிற கடையையும் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டேன்.)

4

முத்துச்செல்வி அவர் நெற்றியைத் துடைத்தாள். வியர்வை ஐஸ் தண்ணியாக இருந்தது. வேர்த்து, நடுங்கி, உளறினால் உடனே சர்க்கரை கொடுங்கள் என்று டாக்டர் எப்போதோ சொன்னது அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது. அடுப்படிக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். வாசற்படியில் மாயக்காள் மறித்தாள்.

"மதினி, இன்னும் நாலே மணி நேரம். ஒங்க உசுருக்காகத்தான் எங்கண்ணன் கெடக்கான். ஒங்க கையாலயே கெடுத்துக்கிறாதீக."

"முத்துச்செல்வி ஒரு கணம் தயங்கினாள்" என்று எழுதியிருந்தேன். நல்ல மனைவிக்கு அம்புட்டுத் தயக்கம் போதும் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவளிடமே படித்துக் காட்டினேன்.

"ஒரு கணமாண்ணே? அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சு, தீ அணைஞ்சு, கேஸ் வாடை வார வரைக்கும் நின்னேன். அவரு கண்ணு மேல சொருகுறதப் பாத்துக்கிட்டே நின்னேன். எனக்குச் சாகப் பயமா இருந்துச்சு."

என் கையிலிருந்த தாளைக் காட்டி, "எழுதுனா அதையும் எழுதுங்க" என்றாள்.

சாமி வந்தபோதுகூட இல்லை, இதைக் கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

5

மாயக்காளைத் தள்ளிவிட்டு வந்தாள். சர்க்கரையை நனைத்து விரலால் அவர் ஈறில் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். ஆட்டோவுக்கு ஆள் ஓடியது. கால் மணி நேரத்தில் அவருக்குக் கண் தெளிந்தது.

முடிவு அ: ரிசல்ட் நல்லபடியாக வந்தது. ஆத்தா பெரிய மனசுக்காரி என்று…

முடிவு ஆ: ரிசல்ட் மோசம். மாயக்காள் தெருவில் நின்று மண்ணை வாரி…

(இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் நீங்கள் அந்தச் சர்க்கரையைத்தான் காரணம் காட்டுவீர்கள். சொல்ல மாட்டேன்.)

நான் நிறுத்துகிற இடம் வேறு. ஜெயபாண்டி தலையைத் தூக்கினார். வாயில் இனிப்பு இருப்பது இன்னும் அவருக்குத் தெரியவில்லை.

"மணி ஆறாயிருச்சா?"

கடிகாரம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு நாற்பது. "இல்லை" என்று சொன்னால், சர்க்கரை பட்டு விரதம் தவறியது தெரிந்து, மறுபடி முதலிலிருந்து மூன்று நாள் கிடப்பார். பேசிய பேச்சை அவர் மாற்றியதே இல்லை. "ஆயிருச்சு" என்று சொன்னால், ஆத்தாவிடம் சொன்னதை முடித்துவிட்டதாக நம்பி ஒரு டம்ளர் பால் குடிப்பார். முத்துச்செல்வி என்னைப் பார்த்தாள். மாயக்காளும் என்னைத்தான் பார்த்தாள். அழுகல் வெங்காயத்தை ஒன்றாம் நம்பர் என்று கூசாமல் விற்கிறவன் நான். எனக்கு நாக்கு எழவில்லை.

இம்புட்டு நேரமாக நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். அவர் இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறார். கேட்கிறார். சொல்லுங்கள்.