கொதிக்கவைத்த தட்டு

திங்கள். அக்கா மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூடப்பிறந்த அக்கா இல்லை. பகலில் நான் உதவியாளராக இருக்கும் ஆய்வகத்தின் ஆராய்ச்சி மாணவி. புற்றுநோய்ச் செல்கள் வளரக் கொஞ்சம் பெராக்சைடு வேண்டும். அதைச் சிதைக்கும் நொதி சீக்கிரம் ஓய்ந்துவிடும். அதன்மேல் ரசாயனப் பூச்சு ஏற்றினால் தாக்குப்பிடித்துச் செல்களை அடக்கும் என்பது அவள் கட்சி. வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது. அடுத்த வருடம் அவளுக்கு இங்கே இடம் கிடைப்பது அதை நம்பித்தான்.

பூச்சு நொதி விட்ட மூன்று தட்டுகளிலும் செல்கள் பாதிதான் வளர்ந்திருந்தன. இத்தனை அழகாக எனக்கு எதுவும் வந்ததில்லை. எனக்கு வராதது பிறருக்கும் வராது என்பது நியாயமா, தெரியவில்லை. ஆனால் தட்டில் ஒட்டிய சீட்டைப் பார்த்துக்கொண்டேதான் எண்ணுகிறாள்.

செவ்வாய். அதே பூச்சு நொதியைக் கொதிக்கவைத்தேன். கொதித்தால் நொதி வேலை செய்யாது. அதைச் செல்கள் உள்ள புதுத் தட்டில் விட்டேன். செல்கள் தாராளமாக வளர வேண்டும். தட்டில் '7' என்று மட்டும் எழுதினேன்.

வியாழன். 7-ஐ அவளிடம் எண்ணக் கொடுத்தேன்.

"என்ன டைரி, எனக்கே பரீட்சை வைக்கிறியா?" எதையும் எழுதிவைப்பதால் நான் அவளுக்கு 'டைரி'.

"சும்மா ஒரு சந்தேகம்க்கா."

"உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்." எண்ணினாள். "பாதிதான். மத்ததெல்லாம் போலவே. போதுமா?"

நானும் எண்ணினேன். பாதிதான். அவள் பொய் சொல்லவில்லை. அப்படியானால் செல்களை அடக்கியது நொதி இல்லை. அதில் ஒட்டாமல் மிஞ்சிய ரசாயனம்.

மிச்சத்தைப் போக்க, நொதியை மெல்லிய பையில் கட்டித் தண்ணீரில் ஊறவிட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்று தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். அது என் வேலை. டைரியில் அந்த நாளின் பக்கத்தைப் புரட்டினேன். 3.00, 4.00, 5.00. ஒவ்வொன்றுக்கும் நேர்த்தியான டிக். 5.20, பை எடுத்தாயிற்று. ஐந்தரைக்கு மாலை வகுப்பு. தடவைதான் கணக்கு, இடைவெளி இல்லை என்று எப்படி நினைத்தேன்?

டைரியையே அவளிடம் நீட்டினேன். மூன்று நேரங்களையும் படித்தாள்.

"7 என்னது?"

"கொதிக்க வெச்ச நொதிக்கா."

"அப்ப நான் திருடின்னு நெனச்சே."



வெள்ளி. கட்டுரை போகவில்லை. பூச்சு உண்மையிலேயே பலிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. புதுப் பை. ஒன்பது, ஒன்று, ஐந்து. மூன்று முறையும் அக்கா என் பின்னால் கடிகாரத்தோடு நின்றாள். நான் வகுப்புக்குப் போகவில்லை. இரவு ஒன்பதுக்குப் பையை எடுத்தபோது, டிக்கை அவளே போட்டாள்.