சூடானால் கிளம்பாத வண்டி

தங்கசாமி அந்த வண்டியை விற்றுவிடுவதென்று முடிவு செய்தது போன வாரம்தான். தாராவி தொண்ணூறடி ரோட்டில் அவருடைய மெக்கானிக் கடையின் பின்சுவரோரம் மூன்று வருஷமாகச் சாக்குப் போர்த்தி நின்றது அது. உட்கார சீட்டே கிடையாது. நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். பாறை, ஓடை, மேடு எதுவானாலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறிக் கடக்கிற ட்ரையல்ஸ் போட்டிக்கென்றே வெளிநாட்டில் செய்த வண்டி. யாரோ வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்கி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி, மகள் ஷர்மிளாவுக்காக அவர் தயார் செய்தது.

வாங்க வந்தவன் முலுண்டிலிருந்து நிகில். ஓட்டிப் பார்க்க தேவ்நார் பக்கம் ஒரு காலி இடத்துக்கு டெம்போவில் ஏற்றிப் போனார்கள். முதல் மிதியிலேயே கிளம்பியது. அரைமணி நேரம் மண்மேடுகளில் ஏறி இறங்கிவிட்டு, போன் வந்ததென்று நிகில் வண்டியை அணைத்தான். பேசி முடித்து மிதித்தால் கிளம்பவில்லை.

தள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு தங்கசாமி மிதித்தார். பத்து, இருபது, நாற்பது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ப்ளக்கைக் கழற்றி இன்ஜினில் தொடவைத்து நிகிலை மிதிக்கச் சொன்னார். பொறியே இல்லை. விரல் சுட்டதுதான் மிச்சம். வேறு ப்ளக் போட்டும் அதேதான். ஒரு மர நிழலில் போய் உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து ஒரே ஒரு மிதி மிதித்தார். கிளம்பிவிட்டது. நிகில் சிரித்தான். தங்கசாமி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கர்ஜத் தாண்டி ஒரு மலையடியில் மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த போட்டி அப்படியே கண்முன் வந்து நின்றது. அன்று ஷர்மிளா இரண்டு கட்டங்களை ஒரு கால்கூட ஊன்றாமல் முடித்திருந்தாள். மூன்றாவது, ஆள் உயரப் பாறை. வரிசையில் நின்றபோது எல்லோரையும் போல வண்டியை அணைத்தாள். அவள் முறை வந்தபோது அது கிளம்பவில்லை. மிதித்து மிதித்துப் பார்த்தாள். நேரம் முடிந்து பெயரை அடித்துவிட்டார்கள். கீழே நின்ற தங்கசாமி கூட்டத்தை விலக்கி மேலே வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. வந்து ஒரு மிதி மிதித்தார். கிளம்பியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வண்டில ஒண்ணும் கோளாறு இல்லட்டி," என்றார் அவர், அத்தனை பேர் முன்னாலும். "நீ பயந்துட்ட. மனசு வச்சு மிதிக்கல."

அதற்குப் பிறகு அவள் வண்டியைத் தொடவே இல்லை. அவரும் கூப்பிடவில்லை. மறுவருஷம் கல்யாணமாகி நெருளுக்குப் போய்விட்டாள்.

சரிபார்த்துத் தருகிறேன் என்று நிகிலை அனுப்பிவிட்டு, கடைக்குத் திரும்பியதும் வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, இன்ஜினுக்குப் பொறி அனுப்புகிற காயிலைக் கழற்றினார். மீட்டரை வைத்தார். சரியாகக் காட்டியது. எதிர் பார்லரிலிருந்து முடி உலர்த்துகிற டிரையரை வாங்கிவந்து காயிலின் மேல் சூடான காற்றைப் பிடித்தார். சற்று நேரத்தில் முள் அப்படியே படுத்துவிட்டது. உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி அறுந்திருந்தது. சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆறவிட்டு மறுபடி சூடாக்கிப் பார்த்தார், பொய்யாக இருக்காதா என்று. நான்கு தடவையும் அதே கதைதான்.

மறுநாள் காலை குர்லாவில் ரயில் மாறி நெருளுக்குப் போனார். மாப்பிள்ளை ஆபீஸ் போயிருந்தார். ஷர்மிளாவுக்கு அன்று லீவு. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் காயிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் அதைக் கையில் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க எத்தன தடவ மிதிச்சீங்க?"

"நாப்பது இருக்கும்."

"நான் அறுவது மிதிச்சேன்ப்பா. எண்ணிக்கிட்டேதான் மிதிச்சேன்."

கோபித்துக்கொள்வாள், கத்துவாள் என்று நினைத்துத்தான் அவர் வந்திருந்தார். அவள் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள்.

"பாறையப் பாத்தப்போ கொஞ்சம் பயம் இருந்துச்சு. எல்லாருக்கும் இருக்கும்லா. அதனால நீங்க சொன்னதுதான் சரின்னு நினைச்சுட்டேன். நாந்தான் டர்போக், பயந்தாங்கொள்ளின்னு முடிவே பண்ணிட்டேன். இவுங்க ஸ்கூட்டி வாங்கித் தாரேன்னாங்க. அதுகூட வேண்டாம்னுட்டேன்."

"நான் உன்னிய நம்பிருக்கணும், மக்கா."

"ஆமா," என்றாள்.

விற்கவில்லை, புதுக் காயில் போட்டு இங்கேயே கொண்டுவந்து தருகிறேன், மறுபடி ஓட்டு என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் தலையாட்டி மறுத்தாள். பயமில்லை, ஆசைதான் போய்விட்டது என்றாள். எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லையாம். தட்டு வைத்துச் சோறு போட்டாள். அவரால் இரண்டு வாய்க்குமேல் இறக்க முடியவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னாள்:

"காயில மாத்திட்டே அந்தப் பையன்ட்ட குடுங்கப்பா. கெளம்பலன்னா அவனும் தன்மேலதான் தப்புன்னு நினைச்சுக்குவான்."

ஞாயிற்றுக்கிழமை நிகில் வந்தான். புதுக் காயில் போட்ட வண்டியை அதே இடத்துக்குக் கொண்டுபோய், இன்ஜின் கையை வைக்க முடியாதபடி கொதிக்கும்வரை ஓட்டச் சொன்னார் தங்கசாமி. அணைக்கச் சொன்னார். மிதிக்கச் சொன்னார். ஒரே மிதியில் கிளம்பியது. போதும் அங்கிள் என்று அவன் சொல்லியும் விடவில்லை. ஐந்து தடவை அணைத்து அணைத்துக் கிளப்பச் சொன்னார். ஐந்து தடவையும் கிளம்பியது. நிகில் சந்தோஷமாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு வண்டியை டெம்போவில் ஏற்றினான்.

டெம்போ திருப்பத்தில் மறைந்ததும் அவர் மகளுக்குப் போன் செய்தார்.

"கெளம்புதா?" என்று அவளே கேட்டாள்.

"கெளம்புது."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. நடு வெயிலில், லாரிகள் போகிற ரோட்டோரத்தில், காதில் போனை வைத்தபடியே தங்கசாமி அழுதுகொண்டிருந்தார்.